மூன்று மாதத் தூரம்

காலை ஆறு நாற்பதுக்கு அக்கா அழைத்தாள். தம்பி குருபரன் இருந்த சாந்தியாகோவில் இன்னும் விடியவில்லை. திரையில் தெரிந்த உசிலம்பட்டியில் சாயங்கால வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

"தூங்குறியாடா?"

"இல்லக்கா. சொல்லு."

"சின்னவனுக்குக் காதுகுத்து வச்சாச்சு. வர்ற வெள்ளிக்கெழம. ஒங்க மச்சான் வீட்டுக் கொலசாமி கோயில்ல. பத்தரைக்கு மேல பன்னெண்டுக்குள்ள."

"வெள்ளிக்கிழமையா..."

"என்னடா இழுக்குற? ஒரு மணி நேரம். நான் தேனிக்குப் போயிட்டு வர அதவிட நேரமாகும்."

குருபரன் சிரித்தான். இரண்டு ஊருக்கும் நடுவில் கிட்டத்தட்ட பதினாறாயிரம் கிலோமீட்டர். அந்தக் காலத்தில் வெளிநாட்டில் இருந்த தம்பிகளுக்கு வராமலிருக்க அது போதுமானதாக இருந்தது. ஒரு போன் பேசினார்கள், கடுக்கனைப் பார்சலில் அனுப்பினார்கள். மீதியைத் தூரம் அவர்களுக்காகப் பேசிக்கொண்டது. இப்போது அது வாயைத் திறப்பதில்லை.

அக்காவின் தோளுக்குப் பின்னாலிருந்து மச்சான் காசிமாயன் எட்டிப் பார்த்தார்.

"மாப்ள, கெடா ரெண்டு சொல்லியாச்சு. தாய்மாமன் மடி இல்லாமக் காது குத்த முடியாது. வந்து சேருங்க."

"வந்துருவான், வந்துருவான்," என்றாள் அக்கா. பிறகு குரலைத் தாழ்த்தினாள். "மேலத்தெரு ஒச்சம்மா கதை தெரியும்ல? அவ அண்ணன் மெல்போர்ன்லருந்து புள்ளத்தாச்சி வண்டில வந்தாரு. நாலு வருசமாச்சு. அவ மாமியா இன்னும் சொல்லிக் காட்டுது. உங்கண்ணன் மூணு மாசத்த மிச்சம் புடிச்சாரே, வச்சு என்ன செய்றாருன்னு."

"வர்றேன்க்கா."

திரை அணைந்தது. அடுப்படி வாசலில் மனைவி மணிமொழி நின்றாள். கையில் காய்ந்த ரொட்டித் துண்டு. இந்த நாட்களில் அது ஒன்றுதான் அவள் வயிற்றில் தங்கியது.

"போறியா?"

"போகாம?"

"எதுல?"

அவள் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"போன வாரம் எலும்பு வயசு பாத்தாங்களே. என்ன சொன்னாங்க?"

"நாப்பத்தொண்ணு."

"உன் வயசு?"

"தெரியாத மாதிரி கேக்குற."

"சொல்லு குரு."

"முப்பத்திநாலு."

மடிப்பு விமானம் வந்து ஐந்து ஆண்டுகள் ஆகிவிட்டன. ஏறிப் படுத்தால் தூக்கம் வரும். விழித்தால் அடுத்த ஊர். வெளியே கடிகாரத்தில் ஐம்பது நிமிடம் போயிருக்கும். உள்ளே படுத்திருந்த உடம்பில் மூன்று மாதம் போயிருக்கும். வலி கிடையாது. கனவுகூடக் கிடையாது. தாடியும் நகமும் வளர்ந்திருக்கும், அவ்வளவுதான். 'உடல் சற்று முன்னே செல்லும்' என்று விமான நிறுவனம் அச்சடித்துக் கொடுத்தது. அந்த விமானத்தில் பணியாளர்கள் இல்லை. அந்த வேலைக்கு யாரும் வருவதில்லை. இதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். தெரிந்ததால் யாரும் பேசுவதில்லை.

குருபரன் பதினைந்து முறை போய்வந்திருந்தான். மச்சானின் தங்கை கல்யாணம், மூத்தவள் சடங்கு, புதுவீடு, கிடாவெட்டு, சாவுகள். ஒவ்வொரு தடவையும் ஒரே நாளில் போய்த் திரும்பினான். ஒவ்வொரு தடவையும் அரை வருடம்.

"எனக்கு ஒண்ணும் தெரியலையே மொழி. கண்ண மூடுறேன், தெறக்குறேன்."

"அதான் எனக்குப் பயமா இருக்கு. வலிச்சாலாவது நிறுத்துவ." அவள் ரொட்டியைத் தட்டில் வைத்தாள். "தூரம் எங்கயும் போயிடல. முன்னாடி அது கடலா வெளிய கிடந்துச்சு. இப்ப உனக்குள்ள மடிச்சு வச்சிருக்காங்க. இந்தப் போக்குல போனா நம்ம பிள்ளைக்கு மீசை முளைக்கிறப்ப நீ பல்லு கட்டிக்கிட்டு நிப்ப."

"அக்காவுக்கு யாரு இருக்கா? அம்மா போனப்ப எனக்கு ஒம்பது வயசு. அவளுக்குப் பதிமூணு. அவதான் சோறு பொங்கிப் போட்டா. மாமன் மடியில்லாம அந்த வீட்ல அவ தலைநிமிர முடியாது."

"போக வேணாம்னு சொன்னேனா? மெதுவா போ."

"எதுக்குன்னு கேப்பாங்க."

"கேக்கட்டும்."

"சொல்லிரவா, அப்ப?"

மணிமொழி வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டாள். முதல் தடவை இரண்டாம் மாதத்திலேயே எல்லாருக்கும் சொல்லிவிட்டார்கள். அக்கா சர்க்கரைப் பொங்கல் வைத்துத் தெருவுக்கே கொடுத்தாள். பத்தாம் நாள் எல்லாம் போய்விட்டது. சொன்னதற்கும் கலைந்ததற்கும் சம்பந்தமில்லை என்று மணிமொழிக்குத் தெரியும். பள்ளியில் உயிரியல் சொல்லிக்கொடுப்பவள் அவள்.

"மூணு மாசம் முடியட்டும். அதுவரைக்கும் ஒருத்தர் காதுலயும் விழக் கூடாது. சத்தியம் பண்ணு."

அவன் பண்ணினான்.

அவன் வேலை பார்த்த மெட்ரோ ரயில் அலுவலகத்தில் மேலதிகாரி விடுப்பு விண்ணப்பத்தை இரண்டு முறை படித்தார். குடும்ப விசேஷத்துக்கு அரைநாள் என்பதுதான் இப்போது உலகம் முழுக்க வழக்கம்.

"ஐந்து நாளா? போக ஐம்பது நிமிடம்தானே?"

"மெதுவான விமானத்தில் போகிறேன்."

"யாருக்கு உடம்பு சரியில்லை?"

"யாருக்கும் இல்லை."

அவர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். சம்பளம் இல்லாமல் ஐந்து நாள் கிடைத்தது.

ஊர் 'புள்ளத்தாச்சி வண்டி' என்று சொல்லும் மெதுவான விமானம் புதன்கிழமை காலையில் கிளம்பியது. அடியில் சரக்கு. மேலே நாற்பது இருக்கை. இரண்டு இடங்களில் இறங்கி, மதுரை போய்ச் சேர ஒன்றரை நாள் ஆகும். கர்ப்பிணிகள், கைக்குழந்தைக்காரிகள், புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவர்கள், மிகவும் வயதானவர்கள். மூன்று மாதத்தை விட்டுக்கொடுக்க முடியாதவர்கள் எல்லாரும் அதில் இருந்தார்கள். ஜன்னல் இருந்தது. குருபரன் கடலைப் பார்த்து ஐந்து வருடம் ஆகியிருந்தது. அது முடியவே இல்லை.

பக்கத்து இருக்கையில் காரைக்குடிப் பெண் ஒருத்தி. ஆறாம் மாதம்.

"அண்ணனுக்கு உடம்புக்கு என்ன?"

"ஒண்ணுமில்லீங்க."

"இருதயமா?"

"நல்லா இருக்கேன்."

அவள் கைப்பையைத் தன் பக்கமாக நகர்த்திக்கொண்டாள்.

"பின்ன எதுக்கு இதுல?"

"சும்மாதான். மெதுவா போலாம்னு."

"மெதுவாவா!" அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "எங்க வீட்டுக்காரரு வியாழக்கெழம காலைல கெளம்பி எனக்கு முன்னாடி வந்து வாசல்ல நிப்பாரு. கூட வாங்க, பேச்சுத் துணைக்கு ஆச்சுன்னேன். புள்ளத்தாச்சி வண்டில ஆம்பள ஏறுனா நாலு பேரு என்ன பேசுவான்னாரு. நீங்க என்னன்னா... உங்க வீட்ல ஒண்ணும் சொல்ல மாட்டாகளா?"

"வீட்லதான் ஏறச் சொன்னா."

"அது சரி," என்றாள் அவள். விளக்கை அணைத்த பிறகு இருட்டில் அவள் குரல் கேட்டது. "கொடுத்து வச்சவ."

குருபரன் தூங்கவில்லை. உட்கார்ந்துகொண்டே தூங்குவது அவனுக்கு மறந்துபோயிருந்தது. அடுத்த இரவும் தூங்கவில்லை. கால் வீங்கியது. இடுப்பு வலித்தது. வலித்த ஒவ்வொரு மணி நேரமும் தன்னுடையது என்று நினைக்க அவனுக்கு விநோதமாக இருந்தது.

மதுரையில் வெள்ளிக்கிழமை விடியலில் இறங்கினான். அக்காவிடம் மெதுவாக வருவதாக அவன் சொல்லவில்லை. மடிப்பு விமானம் எட்டு மணிக்கு. அதுவரை வாசலில் டீ குடித்தபடி நின்றான். எட்டு மணிக்குக் கதவு திறந்தது. காடாக வளர்ந்த தாடியோடு ஆண்கள் வந்தார்கள். பெண்களின் வகிட்டில் சாயம் விலகி ஒரு விரல் அகலத்துக்கு வெள்ளை தெரிந்தது. யாரும் யாரையும் பார்க்காமல் நேரே முடிதிருத்தும் கூடத்துக்குப் போனார்கள். அங்கே வரிசையாகப் பன்னிரண்டு நாற்காலிகள். ஊருக்குள் நுழைகிறவர்கள் எல்லாரும் ஒட்ட வெட்டிய தலையும் மழமழத்த முகமுமாகத்தான் நுழைந்தார்கள். அதை வைத்துத்தான் ஊரும் அவர்களை மதிப்பிட்டது.

குருபரன் அந்தக் கூட்டத்தோடு கூட்டமாகப் போய் உட்கார்ந்தான். முடிவெட்டுபவர் அவன் தலையில் விரலை விட்டு அளைந்தார்.

"சார், இது போன வாரம் வெட்டுன முடி."

"ஒட்ட வெட்டுங்க."

அவர் கண்ணாடி வழியாக அவனைப் பார்த்துப் புன்னகைத்தார். "சரிங்க சார். மாசத்துக்கு நாலஞ்சு பேரு இப்படி வர்றாங்க. வெளிய சொல்ல மாட்டேன்."

கோயில் உசிலம்பட்டிக்கு அப்பால், கரட்டுமலை அடிவாரத்தில் இருந்தது. பந்தல் போட்டிருந்தார்கள். கிடாக் கறி வேகும் வாசனை சாலை வரைக்கும் வந்தது. அக்கா அங்கயற்கண்ணி ஓடிவந்து அவன் தலையைத் தடவினாள்.

"நல்லா தூங்குனியாடா?"

"ம்."

"முகமே சரியில்ல, என்னமோ மாதிரி இருக்க. சாப்புட்டியா? சரி வா, நேரமாச்சு. அத்தை ரெண்டு தடவ கேட்டுட்டாங்க, மாமன் வந்தாச்சா வந்தாச்சான்னு."

அத்தை என்றது மச்சானின் அம்மாவை. சாமி சன்னதிக்கு நேரே நாற்காலி போட்டு அமர்ந்திருந்தார். குருபரனின் ஒட்ட வெட்டிய தலையைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "வாய்யா. நீ வருவன்னு தெரியும். ஒச்சம்மா அண்ணன் மாதிரியா நீ?"

பட்டுவேட்டி கட்டி மணையில் உட்கார்ந்தான். கழுத்தில் மாலை விழுந்தது. மொட்டையடித்துச் சந்தனம் பூசிய சின்னவனை மடியில் வைத்தார்கள். இரண்டு வயது. சந்தனம் ஜில்லென்று அவன் மார்பில் ஒட்டியது. ஆசாரி ஊசியை எடுத்தார். சனம் நெருங்கி நின்றது. குழந்தையின் தலையை அவன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். ஒரு காது. அலறல். யாரோ வாழைப்பழத்தை வாயில் திணித்தார்கள். அடுத்த காது. குழந்தை மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டது. எல்லாரும் பேச்சை நிறுத்திக் காத்திருந்தார்கள், அடுத்த அலறலுக்காக.

அந்த அமைதியில் குருபரனின் வாய் தானாகத் திறந்தது. அடக்கப் பார்த்தான். முடியவில்லை. இரண்டு இரவுத் தூக்கமும் சேர்ந்து, தாடை நோக, கண்ணில் நீர் வர, நீளமாக ஒரு கொட்டாவி வந்தது.

குழந்தை அழுதது. யாரும் குழந்தையைப் பார்க்கவில்லை.

"ஏன்டி கண்ணி," என்றார் அத்தை. "மூணு மாசம் தூங்கி எந்திரிச்சு வந்தவனுக்கு எப்படிடி கொட்டாவி வருது?"

அக்கா குங்குமத் தட்டோடு நின்றிருந்தாள்.

மச்சான் குனிந்து அவன் கண்ணைப் பார்த்தார். சிவந்திருந்தது. காலைப் பார்த்தார். வீங்கியிருந்தது. அவர் கெட்ட மனிதர் இல்லை. ஆனால் சுற்றிலும் அவருடைய பங்காளிகள் நின்றார்கள். கையில் கிடைத்ததை விட முடியவில்லை.

"மாப்ள, சாமி முன்னாடி உண்மையச் சொல்லணும். புள்ளத்தாச்சி வண்டியா?"

பந்தல் முழுக்கச் சிரிப்பு.

"அதான் மாமா, முடிய வெட்டி ஏமாத்தப் பாத்துருக்காரு!" என்றான் பின்னாலிருந்து ஒருவன்.

"எத்தனாவது மாசம் மாப்ள? முன்னாடியே சொல்லியிருந்தா மாங்கா பறிச்சு வச்சிருப்பம்ல?"

குருபரன் அக்காவைப் பார்த்தான். அவள் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காது மடல் சிவந்திருந்தது. அத்தை சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருப்பதுதான் மோசம் என்று அவனுக்குத் தெரியும். இந்தக் கொட்டாவி நாலு வருடத்துக்கு அக்காவின் அடுப்படியில் உட்கார்ந்திருக்கும். ஒரு வார்த்தை சொன்னால் போதும், இந்தச் சிரிப்பு நின்றுவிடும். அந்த வார்த்தையைச் சொல்ல மாட்டேன் என்று ரொட்டித் தட்டுக்கு முன்னால் சத்தியம் பண்ணிவிட்டு வந்திருந்தான்.

"மூணாவது," என்றான்.

சிரிப்பு இன்னும் பெரிதாக எழுந்தது. மச்சான் தொடையில் தட்டிக்கொண்டார். "அசரலையே மாப்ள! மூணாவதாம்ப்பா!" ஆசாரிகூடச் சிரித்தார்.

அக்கா மட்டும் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

பந்தி ஆரம்பித்ததும் அவன் கையைப் பிடித்துக் கோயிலுக்குப் பின்னால் இழுத்துப் போனாள். அங்கே தண்ணீர்த் தொட்டி இருந்தது. குழாயைத் திறந்துவிட்டாள், பேச்சு வெளியே கேட்காதபடி.

"மொழிக்கா?"

"ம்."

"நெசமாவா?"

"வர்ற புதன் வந்தா மூணு முடியும். அதுவரைக்கும் யார்ட்டயும் சொல்லக் கூடாதுன்னா. சத்தியம் வாங்கிருக்கா."

"நான் யாராம்?"

"நீதான்க்கா போன தடவ தெருவுக்கே பொங்கல் வச்ச."

அக்கா சிரித்தாள். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "இத இப்பவே அத்தை காதுல போட்டேன்னா வாயடைச்சுப் போயிரும்."

"வேணாங்க்கா."

"போட மாட்டேன்டா. புதன்கெழம வரைக்கும் சிரிச்சுட்டுப் போகட்டும்."

தண்ணீர் தொட்டியில் விழுந்துகொண்டிருந்தது. அவள் அவன் முகத்தை இப்போதுதான் சாவகாசமாகப் பார்த்தாள். வெயிலில், ஒட்ட வெட்டிய தலையில், காதுக்கு மேலே வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தன. கையை நீட்டியவள் தொடாமல் நிறுத்தினாள்.

"அதுக்காகத்தான் மெதுவா வந்தியா?"

"பிள்ளை வளர்றப்ப நானும் கொஞ்சம் இருக்கணும்ல."

"அப்ப இதுக்கு முன்னாடி வந்ததெல்லாம்?"

அவன் தண்ணீரில் கையை நனைத்தான்.

"எனக்குத் தெரியாம இல்லடா. தெரியும். எல்லாருக்குந்தான் தெரியும். ஆனா ஒண்ணொண்ணாத்தான் நெனச்சேன். இந்தக் கல்யாணத்துக்கு மட்டும், இந்தச் சடங்குக்கு மட்டும்னு. கூட்டிப் பாக்கல. நீயாவது சொல்லிருக்கலாம்ல?"

"சொன்னா நீ கூப்புட்டிருக்க மாட்ட."

"கூப்புட்டிருக்க மாட்டேன்."

"அதுவும் எனக்கு நல்லா இருந்திருக்காதுக்கா."

அவள் தலையாட்டினாள். பின்னால் அவர்களைத் தேடிக் குரல்கள் கேட்டன. அக்கா குழாயை மூடவில்லை.

"வளைகாப்பு ஏழாம் மாசமா?"

"அங்க யாருக்கா இருக்கா அதெல்லாம் செய்ய? பாத்துக்கலாம்."

"யாரு பாத்துக்குவா? அவளால இங்க வர முடியாது. போன தடவ அப்படி ஆனவ, ஒண்ணரை நாளு உக்காந்து வரவும் கூடாது. அவளுக்கும் அம்மா இல்ல. எனக்குச் சடங்கானப்ப அம்மா இல்லாம நான் நின்னது எனக்குத்தான் தெரியும். நாத்தனா நான் இருக்கேன். மொத வளையல் நான் போடணும்."

"வாக்கா," என்றான். யோசிக்காமல்தான் சொன்னான். பதினைந்து முறை அவள் அழைத்தபோது அவன் யோசிக்காததைப் போல.

அக்கா மூக்கை உறிஞ்சிவிட்டு, விரல் விட்டு எண்ண ஆரம்பித்தாள்.

"ஏழாம் மாசம்னா தை பொறந்தப்பறம். அத்தைக்குக் காலையும் ராத்திரியும் ஊசி போடணும், அது வேற யார் கையாலயும் குத்த விடாது. சின்னவன் என்னய விட்டுத் தூங்க மாட்டான். மூத்தவளுக்குப் பரிட்சை. அஞ்சு நாளு, ஆறு நாளுன்னா ஒங்க மச்சான் விட மாட்டாரு. ஒரு மணி நேரத்துல போயிட்டு வர்றத விட்டுட்டுன்னு ஆரம்பிச்சிருவாரு. காலைல வந்து, அவளுக்கு வளையலப் போட்டு, அஞ்சு வகைச் சாதம் கட்டிக் குடுத்துட்டு, விளக்கு வைக்கிறதுக்குள்ள இங்க வந்துட்டேன்னா யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது."

தேனி பஸ்ஸுக்கு நேரம் பார்க்கிற மாதிரிதான் சொன்னாள். அவளுக்கு முப்பத்தெட்டு வயது. ஒரு தலைமுடிகூட நரைக்கவில்லை. ஒரு முறைகூட விமானம் ஏறியதில்லை.

"மாப்ள!" பந்தலிலிருந்து மச்சான் கத்தினார். "மூணாவது மாசத்துக்காரரு வெறும் வயித்துல இருக்கக் கூடாது! இலை போட்டாச்சு!"

மறுபடியும் சிரிப்பு. அக்கா அந்தப் பக்கம் திரும்பவில்லை. குழாயை மூடினாள். சுற்றிலும் திடீரென்று அமைதி. அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சொல்லுடா தம்பி. நான் எதுல வரட்டும்?"